சிறுவாடு

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது சித்தியிடம் ஒன்று கேட்டேன். கேட்ட நேரத்தில் அதைக் கேள்வி என்றே நான் நினைக்கவில்லை. விளாத்திகுளத்துப் பக்கம் கரிசல் காட்டு ஊர் அது. தாழ்வாரத்து ஓட்டு இடுக்குகளின் வழியே வெயில் இறங்கித் தரையில் காசு காசாகக் கிடந்தது. சித்தி வத்தலைக் குவித்து வைத்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வத்தல் நெடியும், மூலையில் சாத்தியிருந்த வேப்பம் புண்ணாக்கு மூட்டையின் கசப்பு வாடையும், அடுப்பங்கரைப் பக்கமிருந்து கருவாட்டு வாசனையும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன. பேச்சு மழையில் தொடங்கி, மக்காச்சோளத்தில் விழும் படைப்புழுவுக்குப் போய், திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பியிடம் வந்து ஓய்ந்தது. அந்த ஓய்வில்தான் கேட்டேன். “மாசம் ஆயிரம் வருதுல்ல சித்தி, அத என்ன செய்றீங்க?” காம்பு கிள்ளிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. “அதுவாய்யா” என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் தடுமாற்றமும் இல்லாமல், சொல்லத் தொடங்கினார். “மாத்திரைக்கு முந்நூறு போயிரும். குழுவுக்கு நானூறு. கடைச் சாமானுக்கு எரநூத்தம்பது. ரேக வச்சு எடுத்துக் குடுக்கிற பையனுக்கு இருவது. மிச்சம் முப்பது கோயிலுக்கு.” சொல்லி முடித்ததும் விரல்கள் மறுபடி வத்தலுக்குப் போயின. எனக்கு மோர் வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில், எட்டயபுரம் தாண்டியபோது, எதற்கென்று இல்லாமல் அந்தத் தொகைகளை மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். முந்நூறு, நானூறு, இருநூற்றைம்பது, இருபது, முப்பது. சரியாக ஆயிரம். ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றிலிருந்து இது என்னைத் தொந்தரவு செய்கிறது. எந்த வீட்டிலும், எந்த மாதத்திலும், வந்த காசும் போன காசும் இப்படிக் கச்சிதமாக நேர் ஆவதில்லை. என் சம்பளத்துக்கு இப்படி ஒரு கணக்கை என்னால் சொல்ல முடியாது. அப்படியென்றால் அது செலவின் கணக்கு இல்லை, பதில். யாராவது கேட்டால் சொல்வதற்கென்று சித்தி அதை முன்பே கூட்டிப் பார்த்து, நேர் செய்து, நாக்கில் தயாராக வைத்திருக்கிறார். கணக்கெடுக்க வருபவர்களிடம் சொல்லியிருப்பார். பஞ்சாயத்து ஆபீசிலோ குழுக் கூட்டத்திலோ சொல்லியிருப்பார். அதே பதிலை எனக்கும் சொல்லிவிட்டார். அவர் தூக்கி வளர்த்த பிள்ளை நான். என்னை அவர் வாசலில் பேனாவோடு நிற்கும் ஆளாக நினைத்துப் பதில் சொல்ல வைத்தது எது? நான் கேட்ட தொனியா, அல்லது அந்தப் பணத்தின் இயல்பே அப்படியா?

எங்கள் பக்கத்தில் சிறுவாடு என்று ஒரு சொல் உண்டு. வீட்டுப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைக்கும் காசு. கோழி முட்டை விற்றது, களத்தில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளி விற்றது, கடைக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது, தம்பிமார் வந்தால் கையில் வைத்துவிட்டுப் போனது. அரிசிப் பானைக்குள், உளுந்து டப்பாவில், பழைய சேலை மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால் அது இருக்கும். ஆண்களுக்கு அது இருப்பது தெரியும், இருக்கும் இடம் தெரியாது. தெரிந்தாலும் தெரியாததுபோல் இருப்பது ஒரு மரியாதை. விதைப்புக்கு முட்டுப்பாடு வரும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ராத்திரியில் வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்போது, அது எங்கிருந்தோ வெளியே வரும். “ஏது இது?” என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு விவசாயக் குடும்பத்தில் எல்லாக் காசுக்கும் கணக்கு உண்டு. வெள்ளாமைக் காசுக்குக் கடைக்காரர் நோட்டில் கணக்கு இருக்கிறது, கூலிக்கு நாள் கணக்கு, கடனுக்கு வட்டிக் கணக்கு. மொய்க்குக்கூட நோட்டு உண்டு. கணக்குக் கேட்கப்படாத ஒரே காசு சிறுவாடுதான். கேட்கப்படாததற்குக் காரணம் அது ஒளிந்திருந்தது. ஒளிந்திருந்ததால்தான் அது அவளுடையதாகவும் இருந்தது. பெண்ணுக்குச் சொந்தமென்று ஒரு பொருள் இருக்க வேண்டுமானால் அது கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்ற நிலை எவ்வளவு பெரிய அவலம் என்பதும் எனக்குத் தெரியும். அதை அழகாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

இந்த ஆயிரம் ரூபாய் வந்த நாளை ஊரே அறியும். 2023 செப்டம்பர் 15. அதற்கு முன்பே, கணக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்தார்கள். சித்தி அந்த ஒரு ரூபாயைப் பற்றித்தான் முதலில் என்னிடம் போனில் சொன்னார். “ஒத்த ரூவா வந்திருக்காம்யா.” ஆயிரம் வந்தபோதுகூட அவர் குரலில் அந்த வியப்பு இல்லை. இன்னொருவர் கை வழியாக இல்லாமல், நேராகத் தன் பெயருக்கு ஒரு ரூபாய் வந்தது என்பது அறுபதை நெருங்கும் வயதில் அவருக்குப் புதிது. தமிழ்நாடு அரசு அதற்கு வைத்த பெயர் உரிமைத் தொகை. வீட்டுக்குள் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு ஓர் ஏற்பு என்று சொன்னார்கள். அந்தச் சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். உதவித்தொகை என்று வைத்திருந்தால் கை கீழேயும் மேலேயுமாக இருந்திருக்கும். உரிமை என்ற சொல் இரண்டு கைகளையும் ஒரே உயரத்தில் வைக்கப் பார்க்கிறது. ஆனால் சொல் போகும் தூரத்துக்கு வழக்கம் உடனே போவதில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், ஓராண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். இந்த வரம்புகளுக்குள் இருக்கிறோம் என்று காட்டித்தான் அந்த உரிமையைப் பெற வேண்டியிருந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் அப்படிக் காட்டினார்கள். தன் ஏழ்மையை வரிசையில் நின்று எழுதிக் கொடுத்து வாங்கியதை உரிமை என்று நம்புவதற்கு ஒரு மனுஷிக்கு எத்தனை மாதம் ஆகும்? சித்தி அந்தச் சொல்லை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. “அந்தக் காசு” என்றுதான் சொல்வார்.

அந்தக் காசு வந்துவிட்டதென்ற செய்தி சித்திக்கு வருவதில்லை. கணக்கோடு சேர்ந்திருக்கும் நம்பர் தம்பியுடையது. திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் இருக்கும் அவன் போனில்தான் ஒலி வரும். அவன் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, “யம்மா, வந்துட்டு” என்பான். அதற்கு முன்பே தெருவில் தெரிந்திருக்கும். ஒருத்திக்கு வந்தால் எல்லாருக்கும் வந்ததென்று அர்த்தம். சிறுவாடு முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது, தேதியோடும் தொகையோடும். இதில் நல்லதும் கெட்டதும் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. வெளிச்சத்தில் இருப்பதால் அதை யாரும் திருட முடியாது, சந்தேகப்பட முடியாது, “எங்கிட்ட மறச்சு வச்சிருக்கியா?” என்று அடிக்க முடியாது. அதே வெளிச்சத்தில்தான் குழுக் கடன் வசூலிப்பவர் பதினைந்தாம் தேதியை ஒட்டிக் காலையிலேயே வந்து திண்ணையில் உட்காருகிறார். வாரம் இருநூறு வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவந்த ஆண்கள் சிலர், “ஒனக்குத்தான் கவர்மெண்டு குடுக்குதே” என்று கையைச் சுருக்கிக்கொண்டதையும் அதே தெருவில் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுக்கு வந்தது ஆயிரமா இருநூறா என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. எடுக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல். ரேகை வைக்கும் மிஷினில் சித்தியின் விரல் பல தடவை விழாது. களை வெட்டியும் கதிர் உடைத்தும் விரல் நுனிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டன. வீட்டிலும் காட்டிலும் செய்த வேலைக்கு ஏற்பாக வந்த பணத்தை எடுக்க முடியாமல் செய்வது அதே வேலை தேய்த்த விரல். எண்ணெய் தடவி, சேலையில் துடைத்து, இடது கைப் பெருவிரலை வைத்து, மிஷின் பச்சை விளக்கு காட்டும்வரை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சித்தப்பாவுக்கு வரும் பணம் வேறு. அது நிலத்தின் பெயரில் வருவது. 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் தாத்தா பெயரிலிருந்து அவர் பெயருக்கு மாறியிருந்ததால் அவருக்கு அது வந்தது. இந்தப் பணத்தின் செலவைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை. காட்டில் போட்டேன் என்பார். காட்டில் என்ன போட முடியும் என்று நான் ஒருநாள் கணக்குப் போட்டேன். ஒரு மூட்டை டிஏபி 1,350 ரூபாய். இரண்டு மூட்டை யூரியா, மூட்டை 266 ரூபாய் 50 காசு. நான்கு மாதத் தவணை அதோடு முடிந்தது, நூற்றுச் சொச்சம் மிஞ்சும். விதை மூட்டைக்கும், டிராக்டர் உழவுக்கும், களைக்கூலிக்கும், புழுவுக்கு அடிக்கும் மருந்துக்கும் அதில் இடம் இல்லை. பணத்துக்கு ஒரு காலண்டர், மழைக்கு ஒரு காலண்டர் வேறு. கரிசலில் புரட்டாசியில் புழுதி விதைப்பு. விதையை மண்ணில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். 2023இல் ஒரு தவணை ஜூலை 27இல் வந்தது, காடு வெயிலில் வெடித்துக் கிடந்தபோது. அடுத்தது நவம்பர் 15இல், ஐப்பசி முடியும்போது. 2024இல் அக்டோபர் 5, சரியாகப் புரட்டாசி நடுவில் விழுந்தது. அந்த ஆண்டு சித்தப்பா விதை மூட்டையைக் கடனில்லாமல் வாங்கினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த தெளிவு 2,000 ரூபாய்க்கு உரியதாகத் தெரியவில்லை.

அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போதுதான் எனக்கு ஏதோ பிடிபடுவதுபோல் இருக்கிறது. விதையையும் உரத்தையும் வழக்கமாக அவர் வாங்குவது பற்று வைத்து. கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். வட்டி என்று தனியாக ஒன்று கிடையாது, அது விலைக்குள்ளேயே இருக்கும். மாசியில் களத்துக்குக் கதிர் வந்ததும் அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. மக்காச்சோளத்துக்கு மத்திய அரசு 2025-26க்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் பற்று வைத்தவன் களத்தில் நின்று விலை பேச முடியாது. அந்த ஒரு வருடம் விதைக்குப் பற்று இல்லை என்பதால் சித்தப்பா நாலு நாள் பொறுத்தார். வேறொரு வியாபாரியைக் கூப்பிட்டு விலை கேட்டார். பெரிய வித்தியாசம் எதுவும் கிடைத்துவிடவில்லை. கடைசியில் பழைய ஆளுக்கேதான் போட்டார். ஆனாலும் அந்த நாலு நாள் அவருடையது. இந்தப் பணம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தாது, அதற்கான கனம் அதற்கு இல்லை. யார் வாசலில் போய் நிற்பது, எப்போது போய் நிற்பது என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றுகிறது. மாத்திரை தீரும்போது கைமாத்துக்காகச் சித்தி ஏறிய படிகள் சில எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் காசு கிடைக்கும், கூடவே ஒரு சொல்லும் கிடைக்கும். “போன தடவ வாங்குனதே இருக்கே” என்ற சொல்லோ, சொல்லாமல் உள்ளே போய்விட்டு நேரம் கழித்து வரும் மௌனமோ. ஏறாமல் விட்ட படிகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. அவை எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. சித்தி எனக்குச் சொன்ன ஆயிரத்திலும் அவை இல்லை.

ஆனால் இதையும் முழுதாக நம்பிவிட முடியவில்லை. சித்தி வீட்டுக்கு எதிர்வீட்டு மதினி வாரத்துக்கு உழுகிறார். நிலத்துக்காரர் கோவில்பட்டியில் இருக்கிறார். பட்டா அவர் பெயரில் இருப்பதால் தவணை அவர் கணக்கில் போய் விழுகிறது. மதினி விதைக்கிறார், களை வெட்டுகிறார், காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறார், விளைந்ததில் பங்கு அளக்கிறார். உழவனுக்கென்று வரும் பணம் மட்டும் உழாத கைக்குப் போகிறது. மதினி அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை, “அது நெலத்துக்கு வார காசு மதினி, ஆளுக்கு வார காசு இல்ல” என்று சித்தியிடம் சொன்னார். அதைவிடத் தெளிவாக இதை யாரும் சொல்லிவிட முடியாது. தெலங்கானா 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து திட்டத்திலும் இதுதான் நடந்தது. ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 என்று போனபோது, நிலம் கூடியவருக்குப் பணமும் கூடியது, குத்தகைக்காரர் வெளியே நின்றார். அதே ஆண்டு டிசம்பரில் ஒடிசா அறிவித்த காலியா திட்டம் வாரதாரரையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் உள்ளே எடுத்தது. ஆகவே வழியே இல்லை என்று சொல்ல முடியாது. எந்தப் பெயரைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோமோ அந்தப் பெயர் இன்னும் கொஞ்சம் கெட்டிப்படுகிறது என்பதுதான் என் பயம். பட்டா பார்த்து அனுப்பினால் பட்டா கெட்டிப்படும். பெண் பெயர் பார்த்து அனுப்பும்போது அந்தப் பெயர் கெட்டிப்படுகிறது. அந்தக் காசுக்கென்று கொடுத்த, தன் பெயர் எழுதிய அட்டையைச் சித்தி ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறார். அதில் அவருடைய பெயர், யாருக்கு மனைவி என்ற குறிப்பில்லாமல், தனியாக எழுதியிருக்கிறது.

சித்தியிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதை நான் மட்டும் கேட்கவில்லை, உலகமே கேட்கிறது. மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பும் யுனிசெஃபும் 2011இல் எட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் பிள்ளைகளுக்கு 100 ரூபாயும் நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். ஆடு மாடு கூடியது என்றும், சிறு விவசாயிகள் கூலிக்குப் போவதைக் குறைத்துத் தங்கள் சொந்தக் காட்டில் கூடுதல் நேரம் வேலை செய்தார்கள் என்றும் கண்டார்கள். கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரைப் பக்கம் ரரியேடா என்ற பகுதியின் கிராமங்களில், கிவ் டைரக்ட்லி என்ற அமைப்பு கைபேசி வழியாக ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியது. பலர் கூரைப் புல்லை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள். மதுவுக்கும் புகையிலைக்குமான செலவு கூடவில்லை. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காக, மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பின் அளவைப் பார்க்க அந்த மக்களின் உமிழ்நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஏழைகள் பணத்தைக் குடித்து அழிப்பார்கள் என்ற பேச்சை வாயடைக்க வைக்கச் சான்று வேண்டும், அதை அவர்கள் தேடிக் கொடுத்தார்கள். ஆனாலும் வாங்கிய காசு தனக்கு நிம்மதி தந்ததா என்பதற்கு ஒருவர் தன் எச்சிலைக்கூடத் தர வேண்டியிருக்கிறது. எனக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைவாசியைக் கணக்கிட்டு அகவிலைப்படி ஏறுகிறது. அதை என்ன செய்தாய் என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. சித்தப்பாவின் 6,000 மட்டும் 2019இல் எவ்வளவோ அவ்வளவாகவே நிற்கிறது. எனக்கு ஏறும் விலைவாசி அவருக்கு ஏறவில்லை என்பதுபோல.

சித்தி போன்றவர்களுக்குப் பணம் வந்த பிறகும் பயம் போகவில்லை என்பதற்கு ஊரில் ஒரு பழைய நினைவும் இருக்கிறது. 2020இல், ஊரடங்கு காலத்தில், கிசான் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. இடையில் நின்று பெயர் சேர்த்துக் காசு பார்த்தவர்கள் வேறு. அந்தப் பணம் என்ன பணம் என்றுகூடத் தெரியாமல் கணக்கு நம்பரைக் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள். பிடித்தது நியாயம்தான். ஆனால் கணக்கில் விழுந்த காசு கணக்கிலிருந்தே போகவும் செய்யும் என்பதை ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. இப்போதும் சித்தி பணத்தை வங்கியில் விட்டு வைப்பதில்லை. வந்த வாரத்திலேயே எடுத்துவிடுவார். “அங்கன கெடந்தா எதுக்காச்சும் பிடிச்சிருவான்யா.” யார் அந்த அவன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கொடுப்பவனும் பிடிப்பவனும் அவருக்கு ஒரே ஆள். அவனுக்கு முகம் கிடையாது. அந்த முகமில்லாத ஆளுக்காகத்தான் சரியாக ஆயிரம் வரும் அந்தக் கணக்கைக் கூட்டி வைத்திருக்கிறார். என்றைக்காவது ஒருநாள் அவன் வாசலில் வந்து நின்று, கொடுத்ததை என்ன செய்தாய் என்று கேட்பான், சொல்லத் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவான். அந்த நாளில் தடுமாறக் கூடாது. போன சித்திரையில் அவன் என் உருவத்தில் வந்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். கையில் வந்து விழும் இந்தக் காசு, விளைந்ததற்கு விலை வேண்டும் என்ற பழைய குரலை மெல்ல அடக்கிவிடுமோ? படைப்புழு எங்கள் மக்காச்சோளத்தில் ஏறிய 2018இல் ஊரே திரண்டு தாலுகா ஆபீசுக்குப் போனது. இப்போது அப்படிப் போவது குறைந்திருக்கிறது. காரணம் இந்தப் பணம்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பிள்ளைகள் ஊரில் இல்லை, கால்கள் ஓய்ந்துவிட்டன, எல்லாம் சேர்ந்துதான். ஆனால் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “வெலைக்குக் கேக்கணும்னா வயித்துல கொஞ்சம் இருக்கணும்ல மகனே” என்றார். பசித்தவன் போராடுவான் என்பது புத்தகம் படித்த என் நம்பிக்கை. பசித்தவன் வந்த விலைக்குப் போடுவான் என்பது அவர் முப்பது மாசிகளில் கண்டது. இரண்டில் அவருடையதே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நாலு நாள் பொறுத்தவர் அவர்.

பொங்கல் கழித்து மறுபடி போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. இந்தத் தடவை எதையும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். காட்டைப் போய்ப் பார்த்தோம். சோளத்தட்டை ஆளுயரத்துக்கு மேல் நின்று காற்றில் உரசிக்கொண்டிருந்தது. முந்தின வாரத்து மழையில் ஊறிய கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு வந்தது. திரும்பிக் கிளம்பும் நேரம். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு ஒரு முறை உண்டு. விருந்தாளி வீட்டுப் பிள்ளை கிளம்பும்போது பெரியவர்கள் கையில் ஏதாவது வைத்து அனுப்ப வேண்டும். நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன், சரியாக அந்த நேரத்தில் சித்திக்குக் கொல்லைப்புறத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பார், கோழியைத் தேடப் போயிருப்பார். நாங்கள் தெருமுனை திரும்பும்போதுதான் வேலியோரம் நின்று கையாட்டுவார். அதை அவர் சுபாவம் என்றே நினைத்து வளர்ந்தேன். அன்றைக்கு அவர் எங்கும் போகவில்லை. நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே போனார். ஏதோ மூடி திறந்த சத்தமோ, ஏதோ நகர்த்திய சத்தமோ கேட்டது. வந்து, மகளின் கையை விரித்து, நான்காக மடித்த ஒரு நூறு ரூபாய் நோட்டை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார். “அப்பாகிட்ட குடுக்காத. நீயே வச்சுக்கோ. என்ன வேணுமோ வாங்கிக்கோ” என்றார். அந்த நூறு, எனக்குச் சொன்ன கணக்கின் எந்த வரியிலும் இல்லாதது.

பஸ்ஸில் மகள் அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், என்னிடம் நீட்டினாள். “ஒரு மாதிரி வாசனை வருதுப்பா.” எனக்கும் வந்தது. அந்த வீட்டின் எத்தனையோ வாசனைகளில் ஒன்று, சந்தேகமில்லாமல் அதுதான். அது எந்தப் பொருளின் வாசனை, அந்தப் பொருள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்துபோயிற்று. அதை மகளிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.